ரெண்டு சுழிப் பனி

தளபதி ஒரு சபதம் எடுத்தார். இனிமேல் மனைவியிடம் பொய் சொல்வதில்லை.

இதைக் கேட்டு யாரும் அவரை உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். பொய் சொல்லிச் சொல்லிப் பார்த்து, ஒன்றுகூடத் தேறாமல் போனதால் எடுத்த சபதம் அது. அவர் சொன்ன எந்தப் பொய்யும் ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை. ஆகவே இனிமேல் உண்மையே பேசுவது, ஆனால் அது கேட்கிறவள் காதில் வேறு மாதிரி விழும்படி பேசுவது என்று தீர்மானித்தார். அவர் அகராதியில் இதற்குப் பெயர் போர்த் தந்திரம்.

தளபதி என்றால் நிஜத் தளபதி இல்லை. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி இழைத்துப் பொருத்துகிற வேலை அவருக்கு. ஆனால் வீட்டு அலமாரியில் ஒரு படையே வைத்திருந்தார். எல்லாம் தீப்பெட்டி அளவு டாங்கிகள். கையால் ஒட்டி, கையால் பெயிண்ட் அடித்து, சக்கரத்துச் சேறு முதற்கொண்டு தீட்டி வைத்தவை. மாதத்தில் ஒரு நாள் அவரைப் போன்ற வளர்ந்த ஆண்கள் சிலர் ஒரு மன்றத்தில் கூடி, பெரிய மேஜையின் மேல் இந்த டாங்கிகளை நகர்த்தி, பகடை உருட்டி, போர் நடத்துவார்கள். ரத்தம் சிந்தாது. எப்போதாவது டீ சிந்தும்.

"வீட்டுல இத்தனை டாங்கி இருந்து என்னங்க பிரயோஜனம்?" என்பாள் அம்மணி. "எல்லாத்தையும் தாங்கறது நான் ஒருத்திதான்."

வருஷத்துக்கு ஒரு முறை மன்றத்தார் கண்காட்சி வைப்பார்கள். அதற்கு நடுவராக வருகிறவர் எப்போதும் கையில் ஒரு பூதக்கண்ணாடியோடு திரிவதால், அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். பேச்சில் மகா சிக்கனம். தீர்ப்பை ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பிடித்திருந்தால் நின்று, குனிந்து பார்ப்பார். பிடிக்காவிட்டால் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவார். போன வருஷம் நம் தளபதி பனியில் நிற்கிற டாங்கி ஒன்றை வைத்திருந்தார். முகப் பவுடரைப் பசையில் குழைத்துப் பூசிய பனி. பூதக்கண்ணாடி நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார்.

"பல்பொடி."

அந்தச் சொல் தளபதியைக் குத்தியது. தினமும் காலையில் பல் தேய்க்கும்போதெல்லாம் புதிதாகக் குத்தியது. இந்த வருஷக் கண்காட்சி முழுக்கவே பனிக்காலப் போர்வண்டிகளுக்குத்தான் என்று மன்றம் அறிவித்ததும் அவர் வெறி பிடித்தவர் ஆகிவிட்டார். கோப்பை கிடைக்காவிட்டால் போகட்டும். யாரும் கைதட்டாவிட்டாலும் போகட்டும். அந்த மனிதர் ஒரே ஒரு தடவை தன் டாங்கிக்கு முன்னால் குனிய வேண்டும்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. சிக்கல் அந்தக் கிழமையில்தான் இருந்தது.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அம்மணி சமையலறைச் சுவரைக் காட்டினாள். புகையும் ஈரமும் சேர்ந்து அதில் ஒரு தேசப்படமே வரைந்திருந்தன.

"அண்ணன் அடுத்த வாரம் குடும்பத்தோட வரார். இந்தச் சுவரைப் பார்த்தா என்னங்க நினைப்பார்?"

"சுவரை எதுக்குப் பார்க்கணும்? நம்மளைப் பார்க்கத்தானே வரார்?"

"நம்மளைப் பார்த்தா அதைவிட மோசமா நினைப்பார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அடிச்சிடுங்க."

"எனக்குத்தான் பெயிண்ட் வாசனை ஒத்துக்காதே!"

கல்யாணமான நாளிலிருந்து தளபதியின் கேடயம் இது. சபதத்துக்கு முந்திய பொய், அதனால் கணக்கில் சேராது என்பது அவர் வாதம். சுவர், கதவு, ஜன்னல் கம்பி என்று எதைக் காட்டினாலும் உடனே இரண்டு தும்மல் போடுவார்.

"டாங்கிக்கு மட்டும் ஒத்துக்குதோ?"

"அது சின்ன பெயிண்ட். சின்ன வாசனை."

"சரி, வாயில துணியைக் கட்டிக்கிட்டு அடிங்க."

கேடயம் விரிசல் விட்டதும் தளபதி புது ஆயுதத்தை எடுத்தார்.

"அடிச்சிடலாம்தான். ஆனா இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு முக்கியமான பணி இருக்கே" என்றார்.

பணி என்று நான் எழுதிவிட்டேன். எழுதினால் ஏதாவது ஒன்றைப் போட்டுத்தானே ஆக வேண்டும்? மூன்று சுழி ண போட்டால் பணி, அதாவது வேலை. இரண்டு சுழி ன போட்டால் பனி, அதாவது டாங்கியின் மேல் கிடப்பது. தளபதியின் நாக்கோ இரண்டும் போடவில்லை. மேலே மடிந்தும் மடியாமல், பல்லைத் தொட்டும் தொடாமல் நடுவழியில் நின்றது. இதற்காகக் கடைக் கண்ணாடி முன்னால் நின்று அவர் செய்த பயிற்சி கொஞ்சமல்ல. "பனி... பணி... பனி..." என்று அவர் முணுமுணுப்பதைப் பார்த்து, கண் பரிசோதனைக்கு வந்திருந்த ஒருவர், "எனக்கு எழுத்துதான் தெரியல. உங்களுக்கு உச்சரிப்பே வரலையா?" என்று பரிதாபப்பட்டார்.

அம்மணி என்ன வேலை பார்க்கிறாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். காலையில் காதோரம் சொருகிய சிவப்புப் பேனா மாலையில் வீடு வரும்வரை இறங்காது. கால் விடுபட்டால் அவளுக்குத் தெரியும். கொம்பு திரும்பியிருந்தால் தெரியும். இரண்டு சுழி வர வேண்டிய இடத்தில் மூன்று சுழி வந்தால், அடுத்த அறையில் இருந்தாலும் தெரியும். அப்பேர்ப்பட்டவளிடம்தான் தளபதி சுழியை வைத்து விளையாடினார்.

அம்மணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"முக்கியமானதா?"

"ரொம்ப."

"முதலாளி சொன்னாரா?"

"நான் அப்படிச் சொன்னேனா? ஆனா போகலைன்னா என் மானம் போயிடும்."

"அப்படியா. சரி" என்று சாதத்தைப் பரிமாறினாள்.

அவ்வளவுதான். வாக்குவாதம் இல்லை, பெருமூச்சு இல்லை. இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் ஒரு 'சரி' இவ்வளவு சுலபமாக வந்ததில்லை. விஷயம் தெரிந்தவனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். தளபதிக்குப் பசி எடுத்தது. இன்னொரு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

போர் பாதி ஜெயித்தாயிற்று. ஆனால் பனி இன்னும் வரவில்லையே!

எத்தனையோ பனி செய்து பார்த்திருந்தார். முதலில் உப்பு. அது காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டு டாங்கியை அழ வைத்தது. பிறகு மாவு. பூச்சு என்று நினைத்துப் போட்டார், பூச்சி வந்தது. கடைசியில் சமையல் சோடாவை வெள்ளைப் பசையில் குழைத்து, துளி வெள்ளை பெயிண்ட் சேர்த்தபோதுதான் பார்வைக்குப் பனி மாதிரி ஒன்று கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில், ஜன்னல் வெளிச்சத்தில், அதை டாங்கியின் மேல் அப்பி வைத்துவிட்டு முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்பொடி இல்லை, சரி. ஆனால் பனியும் இல்லை. டாங்கிக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

அம்மணி வேலையிலிருந்து வந்தாள். பையை வைத்தாள். டாங்கியைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"பனி" என்றார். இந்தத் தடவை நாக்கு சந்தேகமில்லாமல் பல்லைத் தொட்டது.

குனிந்து பார்த்தாள். கை தானாகக் காதோரம் போய் சிவப்புப் பேனாவை எடுத்தது.

"பிழை இருக்கு."

தளபதிக்குச் சுருக்கென்றது. "நீ பனியைப் பார்த்திருக்கியா?"

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

பனியே பெய்யாத ஊரில் பிறந்து வளர்ந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பார்க்காட்டி என்னங்க? மனசுல வாசிச்சுப் பார்த்தாலே தப்பு தெரியுதே. இந்த வண்டி ஓடி வந்து நிக்குதா, இல்ல ரொம்ப நாளா நின்னுட்டிருக்கா?"

"இப்பதான் ஓடி வந்து நிக்குது."

"அப்போ எஞ்சின் சூடா இருக்கணுமே. எஞ்சின் எங்க இருக்கு?"

"பின்னாடி."

"அங்க எப்படிங்க இவ்வளவு பனி நிக்கும்? உருகிடாது?" பேனா முனை டாங்கியின் பின்பக்கத்தைத் தொடாமல் சுட்டியது. "அப்புறம், இந்த மூடியைத் திறந்துதானே ஆள் ஏறி இறங்கணும்? காலை வைக்கிற இடத்துல மட்டும் பனி கலையாம இருக்கே, என்ன, பறந்து போய் உள்ள உட்கார்ந்தானா? அதுவும் போக, பனின்னா மேல இருந்துதானே விழும்? நீங்க பக்கவாட்டுல இழுத்துப் பூசியிருக்கீங்க. பீரங்கிக் குழாய்க்கு அடியில எல்லாம் பனி! அங்க யார் போய் ஒட்டினது?"

தளபதி டாங்கியைத் திருப்பிக் குழாயின் அடியைப் பார்த்தார். வருஷக்கணக்காகப் போர்க்களப் படங்களைப் புரட்டியவர் அவர். அத்தனையும் பார்த்திருந்தார், இதில் ஒன்றையும் வாசித்ததில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்கு வியப்புதான் வந்தது. இந்தக் கண்ணைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டா நான் தனியாக மல்லுக்கட்டினேன் என்று தோன்றியது.

"நிறமும் தப்போன்னு சந்தேகமா இருக்கு" என்றாள் அம்மணி. "வாங்க, நிஜமாவே பார்த்துடலாம்."

அவள் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே பனி குகை மாதிரி அப்பிக் கிடந்தது. மாதக்கணக்கில் "அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுங்க" என்று அவள் சொல்லியும், தளபதி டிமிக்கி கொடுத்து வளர்த்த பனி.

தளபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளை என்று நினைத்திருந்தாரே, எங்கே வெள்ளை? பள்ளத்தில் நீலம். மேட்டில் சாம்பல். வெளிச்சம் படுகிற நுனியில் மட்டும் ஒரு மினுக்கு. புதுப் பனி பொசுபொசுவென்று மேலே உட்கார்ந்திருக்க, பழைய பனி அடியில் இறுகிக் கண்ணாடியாகிக் கிடந்தது. ஒரு துண்டைச் சுரண்டி எடுத்துத் தட்டில் வைத்துப் பார்த்தார். இன்னொன்று. அடியில் இருந்தது எப்படி என்று பார்க்க இன்னும் ஒன்று. மூலையில் இருந்தது வேறு மாதிரி இருக்குமோ என்று அதையும்.

கடைசித் துண்டு வெளியே வந்தபோது அம்மணி ஒரு துணியால் ஃப்ரீசரைத் துடைத்து மூடினாள்.

"அப்பாடா, சுத்தமாயிடுச்சு" என்றாள்.

தளபதிக்கு அது காதில் ஏறவே இல்லை. அவர் ஏற்கெனவே மேஜைக்கு ஓடியிருந்தார். ஒட்டியதையெல்லாம் சுரண்டி எடுத்தார். கலவையில் ஊசிமுனை அளவு நீலம் சேர்த்தார். டாங்கிக்கு மேலே கையை உயர்த்தி உதறியபோது அது கட்டிகட்டியாக விழுந்தது. பக்கத்தில் ஒரு கை நீண்டது. அதில் டீ வடிகட்டி.

"சோடாவை உலர்ந்தபடியே இதுல போட்டுத் தட்டிப் பாருங்க. பசை கீழ இருக்கட்டும்."

தட்டினார். பொழிந்தது. மெல்ல, மேலிருந்து, யாரும் தொடாத மாதிரி. குழாயின் முதுகில் உட்கார்ந்தது, அடியில் ஒட்டவில்லை. எஞ்சின் மேல் அம்மணி ஒரு காகிதத்தைப் பிடித்து மறைத்துக்கொண்டாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஊரில் முதல் முறையாகப் பனி பெய்தது.

"அழகா இருக்குங்க" என்றாள் அம்மணி. அவள் வாயிலிருந்து டாங்கிக்கு வந்த முதல் பாராட்டு. தளபதி வடிகட்டியைக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை அப்போதே சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். சுவர் கண்ணில் பட்டது. நினைப்பை மாற்றிக்கொண்டார்.

"ஆமா, பனிக்கு அடியில வண்டிக்கே வெள்ளை பூசியிருக்கீங்களே, அது எதுக்கு?"

மனைவி டாங்கியைப் பற்றித் தானாக ஒரு கேள்வி கேட்டால் எந்தத் தளபதிதான் சும்மா இருப்பார்?

"பனியில பச்சை வண்டி போனா பளிச்சுன்னு தெரியும்ல? அதனால குளிர்காலம் வந்தா சிப்பாய்களே டாங்கிக்கு வெள்ளையடிச்சிடுவாங்க. கிடைச்ச பிரஷ்ஷை வச்சு, அவசர அவசரமா."

"அவங்களுக்குப் பெயிண்ட் வாசனை ஒத்துக்குமா?"

"போர்க்காலத்துல ஒத்துக்கும், ஒத்துக்காதுன்னு பார்க்க முடியுமா? அடிச்சுத்தான் ஆகணும்!"

"அதுவும் சரிதான். எப்படி அடிக்கிறது, எடுத்த எடுப்புல பூசிட வேண்டியதா?"

"ஐயோ, கூடாது! முதல்ல உரிஞ்சு நிக்கிற பழைய பெயிண்ட்டைச் சுரண்டணும். ஈரம் இருந்தா துடைச்சுக் காயவிடணும். அப்புறம் தண்ணியா ஒரு பூச்சு. அது நல்லாக் காய்ஞ்சதும் கொஞ்சம் கெட்டியா ரெண்டாவது. பிரஷ்ஷை ஒரே பக்கமா இழுக்கணும். இல்லைன்னா கோடு கோடாத் தெரியும்."

"எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க!" என்றாள் அம்மணி. நிஜமான வியப்போடுதான் சொன்னாள். தளபதி சற்று உயரமானார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டாங்கியைப் பஞ்சில் பொதிந்து, டிபன் பாக்ஸில் வைத்து, கடைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மணி வாசல்வரை வந்தாள்.

"பணி நல்லபடியா முடியட்டும்" என்றாள். அவளுடைய நாக்கும் எங்கேயோ நடுவில் நின்ற மாதிரி இருந்தது. தளபதி அவசரத்தில் கவனிக்கவில்லை.

மன்றத்தார் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாசலில் பெரிய பேனர். 'பனிக்காலப் போர்வண்டிக் கண்காட்சி'. தளபதி அதன் அடியில் நுழைந்து, நீண்ட மேஜையில் தன் இடத்தைப் பிடித்து, டாங்கியை வைத்துவிட்டு நின்றார்.

பூதக்கண்ணாடி வந்தார். முதல் டாங்கியைத் தாண்டியபடி, "சுண்ணாம்பு" என்றார். அடுத்ததைத் தாண்டியபடி, "தயிர்." அதற்கடுத்ததற்குச் சொல்லே கிடைக்கவில்லை, கொட்டாவிதான். தளபதியின் முன்னால் வந்தார். தாண்டினார்.

தளபதி கண்ணை மூடிக்கொண்டார்.

காலடிச் சத்தம் நின்றது. திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தபோது அவருக்கு முன்னால் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. பூதக்கண்ணாடி குனிந்திருந்தார். நன்றாக, இடுப்பு வளைய, மூக்கு டாங்கியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்திருந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது ஒரு சொல் சொன்னார்.

"பனி."

தளபதியின் கண் கலங்கிவிட்டது. கோப்பை கொடுத்திருந்தால்கூட அப்படிக் கலங்கியிருக்காது. அதோடு பெரியவர் தம் சிக்கனத்தையும் மீறினார். "எஞ்சின் மேல இல்லையே, ஏன்?"

"சூடு சார். உருகிடும்."

"யார் யோசனை?"

என்னுடையதுதான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் சபதம் சபதம்தான். அதோடு உண்மையிலேயே சொல்ல ஆசையாகவும் இருந்தது.

"என் மனைவி சார். அவ கண்ணு மாதிரி ஒரு கண்ணு இந்த ஊர்லயே கிடையாது. இந்தப் பனியில பாதி அவளோடது."

"எங்க அந்த அம்மா?"

"வீட்டுல இருக்கா சார். அவளுக்கு நான் இங்க இருக்கிறதே தெரி..."

"வணக்கம் சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அம்மணி. நல்ல புடவை. காதோரம் சிவப்புப் பேனா. முகமெல்லாம் சிரிப்பு.

தளபதிக்குக் கூடம் ஒரு சுற்று சுற்றியது. "நீ... எப்படி...?"

"வாசல்ல பேனர் பார்த்தீங்களா? எங்க அச்சகத்துலதான் அடிச்சாங்க. முதல்ல மூணு சுழி போட்டு 'பணிக்கால'ன்னு வந்துச்சு. நான்தான் ரெண்டு சுழியாத் திருத்தினேன். தேதியும் நான்தான் சரி பார்த்தேன். போன மாசமே."

"போன மாசமேவா? அப்போ வியாழக்கிழமை..."

"பதினெட்டு வருஷமா 'வேலை'ன்னே சொல்ற மனுஷன், திடீர்னு 'பணி'ன்னு இலக்கணமாப் பேசினா எனக்குத் தெரியாதாங்க? ஆனா உங்க மானம் போயிடும்னு சொன்னப்போ, நிஜமாவே பயந்து போய்ச் சொன்னீங்க. அதான் போகட்டும்னு விட்டேன்." டாங்கியைப் பார்த்தாள். "விட்டது நல்லதாப் போச்சு."

தளபதி அவளைப் பார்த்தார். திட்டு விழும் என்று நினைத்த இடத்தில் பெருமை விழுந்திருந்தது. இப்படி ஒருத்தியையா ஏமாற்றப் பார்த்தோம் என்று வெட்கமாகவும், இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று கர்வமாகவும் இருந்தது.

"ஆனா சார்," என்று அம்மணி பெரியவரிடம் திரும்பினாள், "அடியில இருக்கிற வெள்ளை முழுக்க இவரோடது. எப்படி அடிச்சார்னு கேளுங்க. பிரமாதமாச் சொல்லுவார்."

பூதக்கண்ணாடி கேட்டார். மன்றமே சூழ்ந்துகொண்டது. தளபதி மறுபடி உயரமாகி, சுரண்டுவதிலிருந்து இரண்டாவது பூச்சு வரை கையை வீசி வீசி விளக்கினார்.

"இவருக்குப் பெயிண்ட் வாசனை ஒத்துக்காது சார்" என்றாள் அம்மணி, கவலையாக.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல!" என்று தளபதி சிரித்தார். "எவ்வளவு அடிச்சாலும் ஒரு தும்மல் வராது எனக்கு!"

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மணியும் தட்டினாள்.

டாங்கி மடியிலும் மனைவி பக்கத்திலுமாக, ஆட்டோவில் ராஜா மாதிரி வீடு திரும்பினார் தளபதி. கதவைத் திறந்து சமையலறைக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றார். பாத்திரங்களெல்லாம் நடுவில் குவிந்து, பழைய அச்சுத் தாள்களால் மூடிக் கிடந்தன. தரையிலும் தாள். சுவரோரம் ஏணி. ஏணிக்கடியில் வாளி. வாளி நிறைய வெள்ளை.

"நீங்க கிளம்பினதும் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றாள் அம்மணி. "முதலாளிக்கும் போன் பண்ணிட்டேன். நாளைக்கு நீங்க கடைக்கு வரமாட்டீங்க, முக்கியமான பணி இருக்குன்னு."

தளபதி தும்ம முயன்றார். வரவில்லை.

"எத்தனை சுழி?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார்.

அம்மணி பெரிய பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தாள்.

"மூணு."